நிலநூற் பதிப்புப் பணி

ஒரு நூலின் முகப்பில் ஆசிரியர் பெயரைக் காண்கிறோம். வெளியிட்டவர் பெயரையும் காண்கிறோம். இவ்விருவருக்கும் இடையே நின்று, அந்நூலின் ஒவ்வொரு வரியையும், ஒவ்வோர் எண்ணையும், ஒவ்வொரு படத்தையும் ஐயக்கண்ணோடு நோக்கிச் செம்மை செய்த மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பெரும்பாலும் முன்னுரையின் கடைசிப் பத்தியில், நன்றி கூறும் இடத்தில், ஒருமுறை வரும். சில நூல்களில் அதுவும் இராது. அவரே பதிப்பாசிரியர். நிலவியல், கடலியல், நிலநடுக்கவியல் முதலாகப் பூமியைப் பற்றிய அறிவியல் துறைகளில் வெளிவரும் கல்விநூல்களையும், இக்காலத்தில் இணையத்தில் வெளிவரும் கட்டுரைகளையும் பதிப்பிக்கும் பணியில் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. அப்பணி எத்தகையது, அதனால் விளையும் பயன் யாது, அதற்கு வேண்டிய தகுதிகள் எவை என்பன பற்றி மாணவர்களாகிய உங்களுக்குச் சில கூற விரும்புகிறேன்.

பதிப்பாசிரியர் என்றதும் எழுத்துப்பிழை திருத்துபவர் என்றே பலர் எண்ணுகின்றனர். எழுத்துப்பிழை திருத்துதல் இப்பணியின் கடைசிப் படியே ஆகும். முதற்படி, ஒரு கையெழுத்துப்படி நூலாவதற்கு உரியதா என்று ஆராய்வது. அத்துறை வல்லுநர் சிலரிடம் அனுப்பி அவர்தம் கருத்தைப் பெறுவது. இரண்டாம் படி, நூலின் அமைப்பைச் சீர்செய்வது. எந்த அதிகாரம் முன் வரவேண்டும், எந்தச் சொல் விளக்கம் பெறவேண்டும், எதை மாணவர் முன்னரே அறிந்திருப்பர் என்பனவெல்லாம் இங்கே முடிவாகும். மூன்றாம் படி, சொல், எண், படம், அட்டவணை ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது. அதன் பின்னரே அச்சுப்படியில் பிழை திருத்தும் வேலை வருகிறது.

இப்பணியின் பெருமையை உணர்த்த நிலவியல் வரலாற்றிலேயே சிறந்த சான்று ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் ஜேம்ஸ் ஹட்டன் என்னும் அறிஞர் வாழ்ந்தார். மலைகள் தேய்ந்து மணலாகிக் கடலில் படிகின்றன. அப்படிவுகள் பாறையாகி மீண்டும் உயர்கின்றன. இச்சுழற்சி எண்ணற்ற காலமாக நடந்து வருகிறது என்பது அவர் கண்ட உண்மை. அதனை 1785ஆம் ஆண்டில் எடின்பரோ அரசக் கழகத்தின் முன் வெளியிட்டார். 1795ஆம் ஆண்டில் இரண்டு தொகுதிகளாக நூல் வடிவிலும் தந்தார். ஆயின் அவர் நடை கடினமானது. வாக்கியங்கள் நீண்டு பின்னிக் கிடந்தன. மேற்கோள்கள் பக்கம் பக்கமாக இடைமறித்தன. அரிய கருத்து இருந்தும் படிப்போர் அருகினர். 1797இல் ஹட்டன் மறைந்தார். அவருடைய நண்பரும் கணிதப் பேராசிரியருமான ஜான் பிளேஃபேர், அதே கருத்துகளைத் தெளிந்த நடையில் வகைப்படுத்தி 1802ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். ஹட்டனின் கொள்கை உலகறியப் பரவியது அந்நூலால்தான். ஹட்டன் எழுதி அச்சேறாமற் கிடந்த மூன்றாம் தொகுதியின் பகுதிகளோ, நூறாண்டு கழிந்து 1899இல்தான் ஆர்ச்சிபால்ட் கீக்கி என்பவரால் பதிப்பிக்கப்பெற்று வெளிவந்தன. உண்மையைக் கண்டறிவது ஒரு பணி. அதனைப் பிறர் உள்ளத்தில் சேர்ப்பது மற்றொரு பணி. இவ்விரண்டாம் பணியிலேதான் பதிப்பாசிரியனுக்குப் பங்கு உண்டு.

இனி, என் மேசைக்கு வரும் கையெழுத்துப்படிகளில் நான் முதலில் நோக்குபவை எண்களே. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. பெரும் ஊர்வனவாகிய டைனோசர்கள் அழிந்தது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். இத்தகைய பேரெண்களை நாடுதோறும் வெவ்வேறு வகையாக வழங்குகின்றனர். நாம் இலட்சம், கோடி என்கிறோம். ஆங்கிலத்தில் மில்லியன், பில்லியன் என்கின்றனர். பில்லியன் என்பது அமெரிக்க வழக்கில் நூறு கோடி. பிரிட்டனின் பழைய வழக்கில் இலட்சம் கோடி. 1974ஆம் ஆண்டிலேதான் பிரிட்டிஷ் அரசு அமெரிக்க வழக்கைத் தன் புள்ளிவிவரங்களுக்கு மேற்கொண்டது. ஆகவே, பழைய நூலொன்றிலிருந்து எடுத்தாளும் ஆசிரியர், அந்நூல் எந்த நாட்டில் எந்த ஆண்டில் அச்சானது என்று பார்க்கவேண்டும். பாராவிடில் ஆயிரம் மடங்கு பிழை நேரும்.

நிலநடுக்கத்தின் அளவும் இத்தகையதே. 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் குஜராத்தில் நேர்ந்த நிலநடுக்கத்துக்கு இந்திய வானிலைத் துறை 6.9 என்னும் அளவையும், அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 7.7 என்னும் அளவையும் வெளியிட்டன. இவற்றுள் எது பிழை என்று மாணவர் கேட்பர். இரண்டும் வெவ்வேறு அளவுமுறைகள். ரிக்டர் வகுத்த பழைய முறை பெரிய நிலநடுக்கங்களின் முழு வலிமையைக் காட்டமாட்டாது. 1979ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட திருப்புத்திறன் அளவுமுறை அதனைக் காட்டும். இவ்வளவுகளில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும்; இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு. எனவே நூலில் எண்ணை மட்டும் அச்சிடுவது போதாது. எம்முறையால் அளந்தது, யார் அளந்தது என்பனவும் உடன் வரவேண்டும். ஆசிரியர் அவற்றைத் தராவிடில் கேட்டுப் பெறுவது என் கடமை.

அடுத்து வருபவை படங்கள். நிலநூலில் படமும் ஒரு சான்றே என்பதை மறத்தலாகாது. பாறையின் நிழற்படத்தில் ஒரு சுத்தியலோ நாணயமோ வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது இல்லையேல் நாம் காண்பது குன்றா கூழாங்கல்லா என்று கூற இயலாது. அப்படத்தை அச்சகத்தார் இடவலமாகத் திருப்பிவிட்டால், கிழக்கு நோக்கிச் சரிந்த அடுக்குகள் மேற்கு நோக்கிச் சரிந்தனவாகத் தோன்றும். தலைகீழாக வைத்துவிட்டால், முதலிற் படிந்த அடுக்கு கடைசியிற் படிந்ததாகிவிடும். கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்பது 1669ஆம் ஆண்டில் ஸ்டெனோ வகுத்த அடிப்படை விதி. அவ்விதியையே படம் பொய்யாக்கிவிடும்.

வரைபடத்திலும் இத்தகைய இடர்கள் பல. ஒரு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டருக்குச் சமம் என்று வரைபடத்தின் கீழ் எழுதியிருப்பார் ஆசிரியர். அச்சில் அப்படம் பாதியாகச் சுருக்கப்படும், ஆயின் எழுத்தோ அப்படியே நிற்கும், அளவு பொய்யாகும். எனவே எழுத்தால் அளவு கூறாமல் ஒரு கோட்டினால் கூறவேண்டும். படம் சுருங்கினால் கோடும் உடன் சுருங்கும், உண்மை கெடாது. அகலக்கோடும் நெடுங்கோடும் இடம் மாறுவது மற்றொரு தொல்லை. சென்னையின் அகலக்கோடு ஏறத்தாழ 13 பாகை வடக்கு. நெடுங்கோடு 80 பாகை கிழக்கு. இவ்விரண்டும் இடம் மாறினால் சென்னை நகரம் ஆர்க்டிக் உறைகடலுக்குப் போய்விடும்! கேட்பதற்கு இது நகைப்பாக இருக்கும். ஆயின் பெயர் அறியாத ஒரு மலையடிவாரத்தின் ஆழ்துளைக் கிணறு ஒன்றின் இருப்பிடத்தில் இம்மாற்றம் நேர்ந்தால் அதனைக் கண்டு நகைப்பவர் யார்?

மலைப்பகுதி நிலச்சரிவு பற்றிய கையெழுத்துப்படி ஒன்று ஒருமுறை என்னிடம் வந்தது. அபாயம் மிகுந்த இடங்களும் குறைந்த இடங்களும் வரைபடத்தில் நிறங்களால் காட்டப்பெற்றிருந்தன. செங்குத்தான சரிவுகள் நிறைந்த இடமெல்லாம் அபாயம் குறைந்தது எனவும், சமநிலமான பள்ளத்தாக்கு அபாயம் மிகுந்தது எனவும் படம் கூறியது. நூலின் வாசகமோ இதற்கு நேர்மாறாக இருந்தது. படம் வரைந்தவர் குறிவிளக்கத்தில் இரு நிறங்களையும் மாற்றி எழுதிவிட்டார் என்பது ஆசிரியருக்கு எழுதிக் கேட்டபின் தெளிவாயிற்று. அச்சுக்கு முன்னரே அது திருந்தியது. அந்நூலைக் கொண்டு ஒரு பொறியாளர் பள்ளிக்கூடம் கட்ட இடம் தேர்ந்திருப்பாராயின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

கண்டு திருத்தாத பிழை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு உலகறிந்த நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். பருவநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2007ஆம் ஆண்டில் தன் நான்காம் அறிக்கையை வெளியிட்டது. அதன் ஒரு பகுதியில், இமயமலைப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டிற்குள் மறைந்துபோகக்கூடும் என்னும் கூற்று இடம்பெற்றது. அறிவியல் ஆய்விதழ் எதிலும் இக்கூற்றுக்கு ஆதாரம் இல்லை. ஓர் இயக்கத்தின் அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது அது. அவ்வறிக்கையோ செய்தியிதழ் ஒன்றிலிருந்து எடுத்தது. 1996ஆம் ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வறிக்கை, துருவங்களுக்கு வெளியே உள்ள பனியாறுகளின் பரப்பு 2350ஆம் ஆண்டளவில் பெரிதும் சுருங்கும் என்று கூறியிருந்தது. 2350, 2035 ஆகிய இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். எங்கே இடறியிருக்கக்கூடும் என்பது விளங்கும். 2010 ஜனவரியில் அக்குழு இப்பகுதிக்காக வருத்தம் தெரிவித்தது.

நான் கூற விரும்புவது அதற்கு மேலும் ஒன்று உண்டு. அதே பகுதியில், இமயப் பனியாறுகளின் பரப்பு ஏறத்தாழ 30 இலட்சம் ஹெக்டேர் என்று ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. நூறு ஹெக்டேர் ஒரு சதுர கிலோமீட்டர். ஆகவே அது 30,000 சதுர கிலோமீட்டர். சில வரிகள் கழித்து, அப்பரப்பு 5,00,000 சதுர கிலோமீட்டரிலிருந்து 1,00,000 ஆகக் குறையும் என்று எழுதப்பட்டிருந்தது. முப்பதாயிரம் எங்கே, ஐந்து இலட்சம் எங்கே! அன்றியும், அங்கேயே இருந்த அட்டவணையில் பிண்டாரிப் பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியது எனவும், ஆண்டுச் சராசரி 135.2 மீட்டர் எனவும் காண்கிறது. 1845 முதல் 1966 வரை 121 ஆண்டு. 2,840ஐ 121ஆல் வகுத்தால் வருவது 23.5. 21ஆல் வகுத்தாலன்றோ 135.2 வரும்! ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. உலகின் தலைசிறந்த அறிஞர்கள் எழுதிய நூலில், ஒரு பென்சிலும் ஒரு துண்டுத் தாளும் கொண்டு கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழை. மறுபார்வையிட்டோர் சிலர் பனியாறுகள் பற்றிய கூற்றை ஐயுற்றுக் கேட்டும் இருந்தனர். அவ்வினா விடையின்றிப் போயிற்று.

பனியாறுகள் உருகிச் சுருங்கி வருவது மெய், அதில் ஐயமில்லை. ஆயின் ஒரு பக்கத்தில் நேர்ந்த பிழை, ஆயிரக்கணக்கான பக்கங்களில் அடங்கிய மெய்யையும் மக்கள் ஐயுறுமாறு செய்துவிட்டது. பிழை திருத்துதல் சிறிய வேலை என்போர்க்கு இதுவே விடை.

எண்களைப் போலச் சொற்களும் கவனத்திற்குரியவை. அறிவியலறிஞர் "இருக்கலாம்", "போலும்", "பெரும்பாலும்" என்று எழுதுவர். வாக்கியத்தைச் சுருக்கி அழகுபடுத்த விரும்பும் பதிப்பாசிரியர் அச்சொற்களை வெட்டிவிட்டால் ஐயம் உறுதியாகிவிடும். ஓசையழகுக்காக உண்மையைக் குறைப்பது பதிப்புப் பணியன்று. திருத்துவது வேறு, ஆசிரியரின் கருத்தை மாற்றுவது வேறு. ஐயம் தோன்றுமிடத்தில் ஓரத்தில் வினா எழுதி ஆசிரியருக்கு அனுப்பவேண்டும். விடை வந்தபின்னரே எழுதுகோலை வைக்கவேண்டும்.

சொற்களின் பொருளும் காலந்தோறும் மாறுகின்றது. குவாட்டர்னரி எனப்படும் இறுதிக்காலம் 18 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று பல நூல்களில் காண்பீர்கள். 2009ஆம் ஆண்டில் அதன் தொடக்க எல்லை ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் என மாற்றியமைக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில், கடந்த 4,200 ஆண்டுக் காலப்பகுதிக்கு மேகாலயன் என்னும் பெயர் வழங்கப்பட்டது. நம் நாட்டு மேகாலயத்திலுள்ள குகை ஒன்றில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புப் படிவத்தில் பதிந்திருந்த வறட்சியின் சுவடே அதற்கு அடிப்படை. மனிதர் காலம் எனப் பொருள்படும் ஆந்த்ரோபொசீன் என்பதைத் தனிக் காலப்பகுதியாக ஏற்கவேண்டும் என்ற முன்மொழிவோ 2024ஆம் ஆண்டில் ஏற்கப்படவில்லை. எனவே ஒரு நூல் எந்த ஆண்டின் வழக்கைப் பின்பற்றுகிறது என்பதை அறிந்தே அதனைத் திருத்தவேண்டும்.

நம் தென்னாட்டோடு தொடர்புடைய பெயர் ஒன்றையும் கூறுகிறேன். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறையின்மேல் இருந்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், அவர் பெயராலேயே அதற்குச் சார்னகைட் எனப் பெயரிட்டு 1893ஆம் ஆண்டில் எழுதினார். சென்னையை அடுத்த பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காண்பது அவ்வகைக் கல்லே. ஒரு கல்லின் பெயரில் ஒரு நகரின் வரலாறும் ஒரு மலையின் இயல்பும் அடங்கியிருக்கின்றன. பெயரில் ஓரெழுத்துக் கெட்டாலும் அவ்வரலாறு அறுந்துபோகும்.

அச்சு நூலுக்கும் இணையப் பதிப்புக்கும் உள்ள வேற்றுமையை இனிக் காண்போம். அச்சுநூலில் பிழை நேர்ந்தால் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்றை ஒட்டலாம். அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்கவேண்டும். இணையத்தில் நொடியில் திருத்திவிடலாம். இது வசதியே, ஆயின் ஆபத்தும் இதுவே. நேற்று ஒரு மாணவர் மேற்கோள் காட்டிய எண் இன்று காணாமற்போனால் அவர் கூற்றுக்குச் சான்று ஏது? ஆகவே எதை, எந்த நாளில், ஏன் திருத்தினோம் என்பதை வெளிப்படையாகக் குறிக்கவேண்டும். பழைய வடிவத்தையும் காத்து வைக்கவேண்டும். கட்டுரைகளுக்கு மாறாத அடையாள எண் ஒன்று தரும் முறையும் உண்டு.

இணையத்துக்கு மாற்றும்போது நேரும் பிழைகளும் தனிவகை. பத்தின் ஆறாம் அடுக்கு என்பது பத்து இலட்சம். பத்துக்கு மேலே சிறிதாக எழுதப்பெற்ற ஆறு, எழுத்துருமாற்றத்தில் கீழே இறங்கி வரிசையில் நின்றுவிட்டால் அது நூற்றாறு ஆகிவிடும். எந்திரத்துக்கு இவ்விரண்டும் ஒன்றே; மனிதக் கண்தான் வேற்றுமை காணவேண்டும். கண்பார்வையற்றோர் கணினியின் குரலால் நூல்களைக் கேட்டுப் படிக்கின்றனர். அவர்பொருட்டு ஒவ்வொரு படத்துக்கும் சொல்வடிவில் விளக்கம் எழுதுகிறோம். ஒரு வரைபடத்தை நான்கு வரிகளில் சொல்ல முயன்று பாருங்கள். அப்படம் உங்களுக்கு உண்மையில் விளங்கியதா என்பது அப்போது தெரியும்.

இப்பணியை மேற்கொள்ள விரும்பும் மாணவருக்கு வேண்டியவை யாவை? நிலவியல், புவியியல், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுள் ஒன்றில் நல்ல பயிற்சி வேண்டும். வகுப்பறையோடு நில்லாமல் பாறையையும் ஆற்றுப்படுகையையும் நேரில் கண்டிருக்கவேண்டும். வெளிக்களம் அறியாதவருக்கு வரைபடத்தின் பிழை தெரியாது. மொழியில் பற்றும், அகராதி புரட்டுவதற்குச் சோம்பாத கையும் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, பெரியவர் எழுதினார் என்பதற்காக ஒன்றை நம்பிவிடாத நெஞ்சும், அவ்வையத்தைப் பணிவோடு வெளியிடும் நாவும் வேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் உலகின் பல நாட்டுக் கல்விநூல்களுக்கு எழுத்துக்கோப்பும் செம்மையாக்கமும் நடைபெறுகின்றன. ஆதலின் இத்தொழில் நமக்குத் தொலைவில் உள்ளதன்று. இதனால் பெருஞ்செல்வம் சேராது. ஆயின் நாள்தோறும் ஒன்று கற்பதற்கு இதனினும் ஏற்ற தொழில் அரிது.

தமிழ் மாணவர்களுக்கு முன்னே மற்றொரு கடமையும் இருக்கிறது. டி. என். வாடியா 1919ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் பல தலைமுறை மாணவர்க்கு வழிகாட்டியது. தஞ்சைப் பகுதியில் தோன்றி, இந்திய நிலவியல் ஆய்வகத்தின் முதல் இந்தியத் தலைவராக உயர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் இந்திய, பர்மிய நிலவியல் பற்றி 1943ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் தந்தார். இத்தகைய நூல்கள் தமிழில் பெருகவேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் நம் கரையில் ஏறி வந்தபோது, அது யாது என்று அறியாமல் நின்றோர் பலர். சுனாமி என்னும் சொல்லும் ஆழிப்பேரலை என்னும் சொல்லும் அதன் பின்னரே நம் வீடுகளுக்குள் வந்தன. கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்னும் ஒரு வாக்கியம், தெளிந்த தமிழில், பள்ளிப் புத்தகத்தில் முன்னரே இருந்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும்!

அத்தகைய வாக்கியங்களை எழுதுவோரும், அவற்றைப் பிழையின்றிப் பதிப்பிப்போரும் உங்களுள்ளிருந்தே வரவேண்டும். அடுத்த முறை ஒரு நூலைத் திறக்கும்போது அதிலுள்ள ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். ஒரு பென்சிலை எடுத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பதிப்பாசிரியனின் தொழில் அவ்வினாவில்தான் தொடங்குகிறது.